உழைப்பவன் உருவம் யாருக்கு உரியது?

புந்தோங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஓவிய வகுப்பை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஆசிரியர் பலகையில் 'கிராமம்' என்னும் ஒரு சொல்லை எழுதுகிறார். அரைமணி நேரம் சென்றபின் முப்பது தாள்கள் மேசைமீது வந்து சேர்கின்றன. முப்பதிலும் ஏறக்குறைய ஒரே படம். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே கதிர் பரப்பும் ஞாயிறு, மலையிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை, அதன் அருகே ஓலைக் குடிசை, வயலில் மாடு பூட்டி உழும் ஓர் உழவன். அவ்வுழவனுக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் இருக்கிறது.

அத்தாளை வரைந்த சிறுமி உழவனைக் கண்டவள் அல்லள். அவள் வாழ்வது சுங்கை பாரி ஆற்றை அடுத்த குடியிருப்பில். தெருமுனையில் கச்சாங் பூத்தே வறுபடும் மணம் அவளுக்குத் தெரியும். தைப்பூசத்தன்று குனோங் சீரோவுக்குச் செல்லும் காவடி வரிசை தெரியும். அவளுடைய பாட்டியோ முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்ற கால்கள் இன்றும் அதே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. ஆயினும் 'கிராமம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் பேத்தியின் கை வரைவது பாட்டியை அன்று. யாரோ ஓர் உழவனை. லயமும் மங்கும் காண்டாவும் அத்தாளில் எங்கும் இல்லை.

இது சிறுமியின் குற்றமன்று. ஒரு படத்தைப் பார்த்து மற்றொரு படம், அதனைப் பார்த்து வேறொன்று என வழிவழியாக வந்த உருவத்தையே அவள் கை அறிந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாள் பெரியவர்களை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறது. உழைப்பவனின் உருவம் யாருக்கு உரியது? உழைப்பவனுக்கா, வரைந்தவனுக்கா, வாங்கிச் சுவரில் மாட்டியவனுக்கா? உழைப்பைப் படமாக்குவது உழைப்புக்குச் செய்யும் மரியாதையா, அல்லது உழைத்தவனிடமிருந்து எடுத்துக்கொள்ளும் மற்றுமொரு விளைச்சலா?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் ஒல்லாந்து நாட்டையும் அதனைச் சூழ்ந்த தாழ்நிலங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். பண்ணை வாழ்க்கை செப்புத் தகட்டில் வெட்டப்பட்டு, தாளில் அச்சாகி, சந்தையில் விலைபோகும் பொருளாகப் பெருகிய நாடுகளுள் அவை முதன்மையானவை. அரண்மனைச் சுவரில் தீட்டிய ஓவியம் ஒன்றே ஒன்று. செப்புத் தகட்டிலிருந்து எடுக்கும் படமோ நூற்றுக்கணக்கில் பெருகும். எனவே உழவனின் உருவம் ஊர் ஊராகப் பயணம் செய்யத் தொடங்கியது அங்கேதான் எனலாம்.

அதற்கு இரண்டு முறைகள் இருந்தன. கூரிய உளியால் செப்பை நேரே கீறி வரி வரியாக அகழ்வது ஒரு முறை. செப்பின்மீது மெழுகு போன்ற பூச்சைத் தடவி, ஊசியால் பூச்சை மட்டும் கீறி, பின் தகட்டை அமிலத்தில் இட்டு, கீறிய இடத்தை அமிலம் அரித்துத் தரும்படி விடுவது மற்றொரு முறை. இரண்டிலும் பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் கோடுகள் தாளில் பதியும். ஆழம் குறைந்தால் கோடு மங்கும். ஆழம் மிகுந்தால் கோடு கறுத்துத் தடிக்கும். அளவறிந்த கையே இத்தொழிலின் உயிர்.

1510ஆம் ஆண்டில் லூக்காஸ் வான் லெய்டன் என்னும் இளைஞர் பால் கறக்கும் பெண்ணொருத்தியைச் செப்பில் வெட்டினார். தேவரும் புனிதரும் வேந்தரும் இடம்பெற்றுவந்த தகட்டில் பசுக்களும் பால்காரியும் பண்ணையாளும் வந்து நின்றனர். அவர்களைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை, வேதக்கதை இல்லை. பசுவின் விலா எலும்பு தெரியும் அளவுக்கு அந்த இளைஞரின் கண் கூர்மையாக இருந்தது. ஆயினும் பால்காரியையும் பண்ணையாளையும் குறித்து அக்கால நகரத்தார் பேசி மகிழ்ந்த இரட்டுற மொழியும் கேலிகளும் அப்படத்தில் மறைந்துள்ளன என்று ஆய்வாளர் பலர் கருதுவர். முதற்படத்திலேயே மரியாதையும் கேலியும் கலந்து நிற்பதைக் காணலாம்.

அரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் பீட்டர் புரூகல். 1569இல் மறைந்த இவருடைய வரலாற்றை 1604இல் எழுதிய காரல் வான் மாண்டர் ஒரு செய்தியைக் கூறுகிறார். புரூகலும் அவருடைய வணிக நண்பர் ஒருவரும் உழவரைப்போல் உடையணிந்து, சிற்றூர்த் திருமணங்களுக்குச் செல்வார்களாம். மணமக்களின் உறவினர்போல் பரிசும் அளித்து, அங்கே உண்பதையும் ஆடுவதையும் பார்த்து மகிழ்வார்களாம். புரூகலை மக்கள் 'சிரிப்பூட்டும் பீட்டர்' என்னும் பொருள்பட அழைத்தனர் என்றும் அவர் குறிக்கிறார். உழவனைக் காண உழவனாக வேடமிட வேண்டியிருந்தது! கண்டு வந்தபின் வரைந்தது நகரத்தார் பார்த்துச் சிரிப்பதற்காகவும் ஆயிற்று. விருந்தினனாகச் சென்றவன் வேவுகாரனாகத் திரும்பினானா என்ற ஐயம் இக்கதையைக் கேட்பவர்க்கு எழுவது இயல்பு.

ஆனால் புரூகலின் கை அவ்வளவில் நிற்கவில்லை. 1568இல் அவர் 'கோடை' என்னும் படத்தை வரைந்தார். அது செப்பில் வெட்டப்பட்டு, 1570இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஹியரோனிமஸ் காக் என்பாரின் பதிப்பகத்தில் அச்சேறியது. அறுவடை நேரம். முன்னே ஓர் ஆள் பெரிய குடத்தைத் தூக்கி நீர் பருகுகிறான். அவனுடைய காலும் அரிவாளும் படத்தின் சட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டுவிடுகின்றன. குடம் அவன் முகத்தை மறைக்கிறது. பக்கத்தில் ஒரு பெண். அவள் சுமக்கும் காய்கறிக் கூடை அவள் முகத்தை மறைக்கிறது. உழைப்பவரின் முகத்தை உழைப்பே மறைத்துவிட்டது என்று அப்படம் சொல்லாமல் சொல்கிறது. சட்டத்துக்கு வெளியே நீண்ட அந்தக் கால், பார்ப்பவனின் மேசைமீதே வைக்கப்பட்டதுபோல் தோன்றும். 'நீ என்னை உன் சட்டத்துக்குள் முழுவதும் அடக்க முடியாது' என்பதே அக்கால் கூறும் செய்தி.

கேலி ஒரு குற்றம் என்றால் இனிமை மற்றொரு குற்றம். 1611, 1612ஆம் ஆண்டுகளை ஒட்டி கிளாஸ் விஸ்ஸர் என்பவர் ஹார்லெம் நகரைச் சூழ்ந்த 'இனிய இடங்கள்' என்ற படவரிசையை வெளியிட்டார். பயணம் செய்ய நேரமில்லாத அன்பர்கள் வீட்டிலிருந்தபடியே கண்டு மகிழலாம் என்பது அதன் நோக்கம். அமைதியான குடிசை, வளைந்த பாதை, நிழல் தரும் மரம், ஓய்வாக நடக்கும் மனிதர். பார்க்கப் பார்க்க இனிப்பவை அவை. ஆனால் அப்படங்களில் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை. இன்று புந்தோங் சிறுமி வரையும் இரு மலையும் ஞாயிறும், இனிமையை மட்டும் காட்டி வலியை விட்டுவிடும் இத்தகைய படங்களின் தொலைதூரத்துப் பேத்திகளே.

இவ்விரு குற்றங்களும் தமிழர்க்கு அயலானவை அல்ல. ஒல்லாந்தர் செப்பில் பண்ணையைத் தீட்டிய காலத்தையொட்டித் தமிழ் நிலத்தில் பள்ளு என்னும் இலக்கிய வகை தழைத்தது. அவற்றுள் தலைசிறந்ததாகிய முக்கூடற் பள்ளில் வடிவழகக் குடும்பனும், அவனுடைய மனைவியராகிய முக்கூடற் பள்ளியும் மருதூர்ப் பள்ளியும், அதட்டும் பண்ணைக்காரனும் வருகின்றனர். நெல்வகைகளும் மாட்டுவகைகளும் மீன்வகைகளும் ஏரின் உறுப்புகளும் பெயர் பெயராக வரிசைப்படுத்தப்படுகின்றன. மழைக்குறி காண்பது முதல் அறுவடை வரை வயலின் முழுவேலையும் அங்கே உண்டு. அந்த நுண்மை வியப்புக்குரியது. ஆனால் குடும்பன் பண்ணைக்காரனால் கட்டையில் மாட்டப்பட்டுத் தவிக்கும் காட்சியும் கேட்போர் நகைக்கும்படி அமைந்துள்ளது. மண்ணை அறிந்த புலவர், மண்ணில் நின்றவனின் துயரை வேடிக்கையாக்கவும் தயங்கவில்லை. வயலில் விளைந்த நெல்லுக்கெல்லாம் பெயர் உண்டு. விதைத்த கைக்கோ சாதியின் பெயரே பெரும்பெயர்.

பின்னர்த் தஞ்சைப் பகுதியில் ஆங்கிலேயர்க்காக வரைந்த ஓவியர்களும் தொழிலுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இணை இணையாகத் தீட்டித் தொகுப்புகளாக விற்றனர். குயவரும் நெசவாளரும் உழவரும் கருவிகளோடு நின்றனர். வாங்கியவர் கடல் கடந்து எடுத்துச் சென்றனர். நின்றவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. என்ன சாதி என்று மட்டுமே தாளின் அடியில் எழுதப்பட்டது.

வள்ளுவரின் வைப்புமுறை இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. உழவின் பெருமையைப் பத்துக் குறள்களில் கூறிய அவர், அடுத்த அதிகாரமாக வைத்தது நல்குரவு. அதனை அடுத்தது இரவு. உழவைப் புகழ்ந்த கையோடு வறுமையையும் இரத்தலையும் அவர் நிறுத்தியிருக்கிறார். ஏரைப் போற்றும் ஏட்டைப் புரட்டியவுடன் பசி எதிர்ப்படுகிறது. உழைப்பைப் புகழ்ந்துவிட்டு ஏட்டை மூடிவிட எண்ணுவோர்க்கு இம்முறை ஓர் எச்சரிக்கை எனலாம்.

அப்படியானால் உழைப்பவனைக் காணும் நேரிய வழி ஒன்று உண்டா? ஹார்லெம் நகரத்தில் 1610இல் பிறந்து 1685இல் மறைந்த அத்ரியான் வான் ஒஸ்டாடேயின் வாழ்வு இதற்கு ஒரு விடை தருகிறது. நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர் இளமையில் தீட்டியவை குடித்துச் சண்டையிடும் உழவர் கூட்டங்கள். கேலிக்கு நல்ல விலை இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் கண் மாறியது. அமிலப் பொறிப்பு முறையில் அவர் ஏறக்குறைய ஐம்பது தகடுகளைச் செய்தார். 1647ஆம் ஆண்டின் 'குடும்பம்' என்னும் படத்தில் உயர்ந்த கூரையின்கீழ் ஓர் ஏழைக் குடும்பம் இருக்கிறது. தட்டுமுட்டுச் சாமான்கள் சிதறிய அந்த இடத்தில் யாரும் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. யாரும் இனிமைக்காக அழகுபடுத்தப்படவும் இல்லை. 1653ஆம் ஆண்டின் மற்றொரு சிறு தகட்டில் உழவர் குடும்பம் ஒன்று உண்பதற்குமுன் இறைவனை எண்ணி அமைதி காக்கிறது. பார்ப்பவனுக்கும் அந்த அமைதியில் பேச நா எழாது.

அதே காலத்தவரான ரெம்பிரான்ட் 1643இல் ஒரு பன்றியைப் பொறித்தார். கால்கள் கட்டப்பட்டுக் கிடக்கும் பன்றி முன்னே; வெட்டுக்காகக் காத்து நிற்கும் பெரியவரும் சிறுவரும் பின்னே. ஒரு வீட்டின் மகிழ்ச்சி ஓர் உயிரின் முடிவு என்பதை அவர் மறைக்கவில்லை. பன்றியின் தோல்மயிரையும் பொறுமையாகக் கோடிட்டிருக்கிறார். ஒஸ்டாடேயும் ரெம்பிரான்டும் உழவரைப் புகழவில்லை, பழிக்கவும் இல்லை. உள்ளதை உள்ளவாறு பார்த்தனர். மெய்ம்மையே அவர்கள் செலுத்திய மரியாதை.

எனினும் இங்கே ஒரு தடை எழும். அந்த மெய்ம்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1612இல் நீர் இறைக்கப்பட்டு நிலமான பேம்ஸ்டர் ஏரிப் பகுதியில் பணத்தை முதலிட்டோர் ஆம்ஸ்டர்டாம் வணிகர். அவர்களுள் முதன்மையானவர் டிர்க் வான் ஒஸ், 1602இல் தோன்றிய கிழக்கிந்தியக் குழும்பின் முதல் இயக்குநர்களுள் ஒருவர். ஒல்லாந்து வயலின் வளத்தில் கீழ்த்திசை வணிகத்தின் பணமும் கலந்திருந்தது. அக்குழும்பு பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658இல் நாகப்பட்டினத்தைக் கைக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சை நிலத்தைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, பசியால் துவண்ட மக்களுள் ஆயிரக்கணக்கானோர் அத்துறையில் அடிமைகளாக வாங்கப்பட்டு, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1670இல் பேராக்கின் ஈயத்தை நாடி அதே குழும்பு பங்கோர் தீவில் கோட்டை எழுப்பியது.

ஹார்லெமின் தகட்டில் ஓர் உழவர் குடும்பம் உணவுக்குமுன் கைகூப்பி நின்ற பத்தாண்டுகளுக்குள், காவிரிக் கரையின் உழவர் குடும்பங்கள் உணவின்றித் துறைமுகத்தில் விலைபோயின. முன்னவரைக் கண்ட கண் பின்னவரைக் காணவில்லை. ரெம்பிரான்டின் 'மூன்று மரங்கள்' என்னும் 1643ஆம் ஆண்டுப் படத்தில், வலப்புற மேட்டின்மேல் சிறு புள்ளியளவாக ஓர் ஓவியன் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கிறான். பரந்த வயல்வெளி அவன் பின்னே கிடக்கிறது. அவன் பார்ப்பது வேறு திசை. எவ்வளவு நேர்மையான கலைஞனுக்கும் பின்புறம் ஒன்று உண்டு. பார்வையின் பரப்பு எங்கே முடிகிறது என்பதை அறிவதும் அறத்தின் ஒரு கூறே.

பேராக்கின் கதைக்கு வரலாம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில ரப்பர்க் கன்றுகள் மலாயாவின் தலைவிதியை மாற்றின. அக்கன்றுகளின் வழித்தோன்றல்கள் காடுகளை விலக்கி நிரை நிரையாக நின்றபோது, அவற்றை வெட்டுவதற்குத் தமிழ்க் கைகள் கப்பலில் வந்தன. ஒளிப்படக் கருவியும் அக்காலத்தில் வந்தது. 1908இல் இலண்டனில் வெளியான, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய பெருநூல் ஒன்றில் தோட்டங்களின் படங்கள் நிறைந்துள்ளன. தோட்டத்தின் பெயர் உண்டு. மேலாளரின் பெயர் உண்டு. அவர் பிறந்த ஊரும் படித்த பள்ளியும் உண்டு. மரத்தடியில் வாளியோடு நிற்பவர்களோ பெரும்பாலும் 'தமிழ்க் கூலிகள்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். ஒளிப்படம் அவர்களுக்கு முகத்தைத் தந்தது, பெயரைத் தரவில்லை. சிறுமியின் உழவனுக்கு முகமில்லை. இவர்களுக்கு முகமுண்டு, பெயரில்லை. எது கொடிது என்று சொல்வது எளிதன்று.

1961ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தேதியிட்ட மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ பத்து வெள்ளித் தாளை முதியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதில் எருமை பூட்டி உழும் ஓர் உழவன் இருந்தான். நாட்டின் பணத்திலேயே உழைப்பவன் இடம்பெற்றான். ஆனால் அத்தாள் யார் கையில் எத்தனை இருந்தது என்பது வேறு கணக்கு. உழைப்பவனின் உருவம் பொறித்த தாளை, உழைப்பவன் மாதம் ஒருமுறை எண்ணி வாங்கி, கடையில் எண்ணிக் கொடுத்தான். உருவத்தைப் போற்றுவது எளிது. உருவுடையவனைப் போற்றுவதே அரிது.

'உழைப்பவனுக்கு வேண்டியது கூலி. படம் அன்று' என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. பசித்தவனுக்குச் சோறிடாமல் அவன் பசியை வரைவது அறமாகாது. 1950, 1960களில் தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தபோது, அவர்களுக்குத் தேவைப்பட்டது நிலம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டத்தின் பங்காளர் ஆயினர். உழவன் பொறித்த அதே பத்து வெள்ளித் தாளும் அந்தப் பங்குப் பணத்தில் இருந்திருக்கும். ஆனால் அங்கே நிகழ்ந்த மாறுதலின் மையம் பணம் மட்டுமன்று. பங்கேட்டில் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. கூட்டமாகக் காணப்பட்டவர் தனித்தனியே பெயராயினர். எனவே கூலியும் உருவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பெயரற்றவனாகக் காணப்படுபவனுக்கே குறைகூலியும் கொடுக்கப்படுகிறது. முகம் தெரிந்தவனிடம் அநீதி செய்யக் கை சற்றேனும் கூசும்.

இன்னொரு தடையும் உண்டு. 'பால்மரம் வெட்டிய வாழ்வு துன்பமும் இழிவும் நிறைந்தது. அதனை மறப்பதே பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு நல்லது' என்று எண்ணும் பெற்றோர் புந்தோங்கில் மட்டுமன்று, எங்கும் உள்ளனர். இவ்வெண்ணம் அன்பில் பிறந்தது. ஆகவே எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் துன்பத்தை மறப்பது வேறு. துன்பத்தின் நடுவே கை கற்ற திறனை மறப்பது வேறு. முன்னது ஆறுதல்; பின்னது இழப்பு.

அத்திறன் எத்தகையது? பால்மரத்தின் பட்டையில் ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஒரு கோடு செல்லும். ஒவ்வொரு வெட்டிலும் மெல்லிய சீவல் மட்டுமே எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் சுரக்காது. ஆழம் மிகுந்தால் உள்ளிருக்கும் வளர்படை காயமுற்று, மீண்டும் தளிர்க்கும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பின்னாளில் உளிக்கு இடம் தராது. இந்த நுண்ணிய இடைவெளியில், விடியாத இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் பிழையின்றிக் கோடிழுத்த கைகள் அவை. பின்னர் அந்தப் பால் வாளியில் சேர்ந்து, காண்டாவில் தோளேறி, கொட்டகையில் அமிலம் கலந்து உறைந்து, தாள் தாளாக அழுத்தப்பட்டது.

உளி, அளவறிந்த கோடு, அமிலம், அழுத்தித் தாளாக்கும் பொறி. ஹார்லெமின் பட்டறையில் இருந்தவை இவைதாமே! செப்பில் கோடிழுத்தவன் கலைஞன் எனப் போற்றப்பட்டான். பட்டையில் கோடிழுத்தவள் கூலி எனப்பட்டாள். செப்பில் வெட்டியவன் தகட்டின் மூலையில் தன் பெயரைப் பொறித்தான். பட்டையில் வெட்டியவளின் கோட்டை மரமே தன் புதுப்பட்டையால் மூடிக்கொண்டது. அம்மரங்களும் சாய்க்கப்பட்டு, பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்துவிட்டன. அவள் வரைந்த பல்லாயிரம் கோடுகளுள் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது அந்தக் கை மட்டுமே. அதுவும் இன்னும் சில ஆண்டுகளுக்கு.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இவ்வாறு அமையலாம். உழைப்பவனின் உருவம் வாங்கியவனுக்கும் உரியதன்று. வரைந்தவனுக்கும் முழுவதும் உரியதன்று. உழைப்பவன் அதனைக் கண்டு 'ஆம், இது இப்படித்தான்' என்றோ, 'அன்று, இது பிழை' என்றோ சொல்லும் உரிமை பெற்றிருக்கும்போதுதான் அது அவனுக்கு உரியதாகிறது. புரூகல் கண்ட திருமண வீட்டார் அவர் படத்தைத் திருத்த முடியவில்லை. முக்கூடற் குடும்பன் புலவரின் பாட்டைத் திருத்த முடியவில்லை. 1908இல் வாளியோடு நின்றவர் அந்நூலைப் படித்திருக்கவே வழியில்லை. பார்க்கப்பட்டவர் திருத்த முடியாத படம் எவ்வளவு அழகியதாயினும் அதில் ஒரு கடன் அடைபடாமல் நிற்கிறது. கேலியால் அது கூடும். வெற்றுப் புகழ்ச்சியாலும் கூடும். உள்ளதை உள்ளவாறு காணும் பொறுமையால் ஓரளவு குறையும். திருத்தத்துக்குத் தாளை நீட்டும் பணிவால்தான் தீரும்.

அக்கடனை அடைக்கும் வாய்ப்பு ஒல்லாந்துக் கலைஞர்க்கு வாய்த்ததைவிடப் புந்தோங் சிறுமிக்கு நன்றாகவே வாய்த்திருக்கிறது. அவள் வேடமிட்டுத் திருமண வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. வரையப்பட வேண்டியவர் அவள் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறார். ஆசிரியர் செய்ய வேண்டியதும் பெரிதன்று. பலகையில் 'கிராமம்' என்று எழுதிய சொல்லை அழித்துவிட்டு, 'பாட்டியின் காலை' என்று எழுதினால் போதும்.

அன்று மாலை சிறுமி தாளை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் செல்வாள். ஒரு மரத்தை வரைந்து, அதன் நடுவே ஒரு கோட்டைப் படுக்கையாக இழுத்திருப்பாள். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு, "படுக்கையா வெட்டினா பால் மங்குக்கு எப்படிம்மா வரும்?" என்று கேட்பார். பேத்தியின் கையிலிருந்து பென்சிலை வாங்கி, இடப்புறம் மேலே தொடங்கி, வலப்புறம் கீழாக, ஒரே இழுப்பில் ஒரு கோடு போடுவார். கோட்டின் முடிவில் மங்கு எங்கே இருக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுவார்.

சிறுமி அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டுவிட்டு, அதன் அடியில் பாட்டியின் பெயரை எழுதினால், முப்பது தாள்களுள் அந்த ஒரு தாள் உரியவரிடம் வந்து சேர்ந்ததாகும்.